ஒரு தீர்ப்பும் ஒரு மாத்திரையும்: கண்ணியமான இறப்பின் இந்திய வரலாறு

புதுதில்லியின் லோதி ரோடு மேற்கே சப்தர்ஜங் கல்லறையருகே தொடங்கிக் கிழக்கே நிஜாமுதீனை அடைகிறது. கிழக்கு முனைக்கு அப்பால் ஹுமாயூன் கல்லறை. அதன் அருகே நிஜாமுதீன் அவுலியாவின் தர்கா. சாலையின் வடபுறத்தில் சையிது, லோதி மரபுச் சுல்தான்களின் கல்லறைகள் நிற்கும் லோதி தோட்டம். தென்புறத்தில் ஆங்கிலேய அரசு 1940களில் தன் ஊழியர்களுக்காகக் கட்டிய லோதி காலனி. விடுதலைக்குப் பின் மத்திய அரசுப் பணிக்கு வந்த தமிழ்க் குடும்பங்கள் பலவற்றுக்கு இப்பகுதி பழக்கமானது; தில்லித் தமிழ்க் கல்விக் கழகத்தின் பள்ளி ஒன்றும் லோதி எஸ்டேட்டில் இருக்கிறது. நகரின் முக்கியமான தகன மயானங்களுள் ஒன்று இதே சாலையில்தான் அமைந்துள்ளது.

இறந்தவருக்குச் செய்ய வேண்டிய மரியாதையை இந்தியச் சமூகம் எந்நாளும் மறந்ததில்லை என்பதற்கு இச்சாலை சான்று. இறந்துகொண்டிருப்பவருக்குச் செய்ய வேண்டியது என்ன என்ற கேள்விக்குத்தான் விடை நெடுங்காலம் தெளிவாகவில்லை. அந்த விடையைத் தேடிய முயற்சிகள் இந்தியாவில் இரண்டு தனித்தனித் தடங்களில் நடந்தன. ஒன்று நீதிமன்றத்தின் தடம்: பயனற்ற சிகிச்சையை மறுத்து இயல்பாக இறக்க ஒருவருக்கு உரிமை உண்டா என்ற வழக்கு. மற்றது மருந்தின் தடம்: இறக்கும் வரை வலியின்றி இருக்க ஒருவருக்கு வழி உண்டா என்ற போராட்டம். முதலாவது நாளிதழ்களின் முதற்பக்கத்தில் நடந்தது. இரண்டாவது மருத்துவமனைகளின் பின்கட்டிலும் உரிமம் வழங்கும் அலுவலகங்களிலும் ஓசையின்றி நடந்தது. இரண்டையும் ஒருசேரப் படித்தால்தான் இந்த வரலாறு முழுமை பெறும்.

உண்ணாநோன்பும் உடனிருந்தோரும்

நிஜாமுதீன் அவுலியா 1325 ஏப்ரலில் மறைந்தார். அமீர் குர்த் எழுதிய ‘சியருல் அவுலியா’ அவருடைய இறுதி நாட்களை விவரிக்கிறது. ஞானி உணவை ஏறத்தாழத் துறந்துவிட்டார். மடத்துக் களஞ்சியத்தில் இருந்த தானியம் அனைத்தையும் ஏழைகளுக்கு வழங்கிவிடச் சொன்னார். தம் முடிவு நெருங்குவதை அறிந்த ஒருவர், சீடர்கள் சூழ, தம் கணக்கைத் தாமே நேர்செய்துகொண்ட காட்சி அது.

தமிழ் மரபுக்கு இக்காட்சி புதிதன்று. புறநானூறு காட்டும் கோப்பெருஞ்சோழன் மக்களோடு நேர்ந்த பகையால் வடக்கிருந்தான். அவனை ஒருமுறையும் கண்டிராத நண்பர் பிசிராந்தையார் பாண்டிநாட்டிலிருந்து வந்து உடன் அமர்ந்தார். மனைவி கருவுற்றிருந்ததால் மகன் பிறந்தபின் வருமாறு திருப்பி அனுப்பப்பட்ட பொத்தியார், பின்னர் வந்து தமக்கும் இடம் வேண்டினார். சோழனை வடக்கிருக்கச் செய்தது நோயன்று, மானம். ஆகவே அதை இன்றைய மருத்துவமனைக் கட்டிலோடு அப்படியே ஒப்பிடுதல் பொருந்தாது. ஆயினும் ஒன்று கவனத்துக்குரியது: அக்காலத்துப் புலவர்கள் அந்த இறப்பைப் பாடும்போது, இறப்பவனைப் பாடிய அளவுக்கு உடனிருந்தவர்களையும் பாடினார்கள்.

செஞ்சிக்கு அருகிலுள்ள திருநாதர்குன்றில் சந்திரநந்தி என்னும் சமண ஆசிரியர் 57 நாட்கள் உண்ணாநோன்பு நோற்று உயிர்துறந்ததைப் பழைய கல்வெட்டு ஒன்று பதிந்திருக்கிறது. சமணத்தின் சல்லேகனை மரபு இன்றும் நீதிமன்றத்தைத் தொடுகிறது. 2015 ஆகஸ்ட் 10 அன்று இராஜஸ்தான் உயர்நீதிமன்றம் அதைத் தற்கொலைக்கு ஒப்பானது என்றது. அதே மாதம் 31ஆம் நாள் உச்சநீதிமன்றம் அத்தீர்ப்புக்கு இடைக்காலத் தடை விதித்தது. அதற்கு 33 ஆண்டுகளுக்கு முன், 1982 நவம்பரில், பௌனார் ஆசிரமத்தில் மாரடைப்புக்கு உள்ளான வினோபா பாவே உணவையும் மருந்தையும் மறுத்துவிட்டார். நவம்பர் 15 அன்று அவர் மறைந்தபோது, பிரதமர் முதலாக எவரும் அதைக் குற்றமாகக் கருதவில்லை.

இம்மரபுகளுக்கு நேர்மாறான ஒன்றும் தமிழகத்தில் இருந்தது. விருதுநகர் வட்டாரத்தில் தலைக்கூத்தல் என்று சொல்லப்பட்டு வந்த வழக்கம் 2010இல் நாளிதழ்களின் வழியே வெளியுலகின் கவனத்துக்கு வந்தது. படுக்கையில் விழுந்த முதியவருக்கு விடியற்காலையில் உடல் முழுக்க எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டி, இளநீரை மிகுதியாகக் குடிக்கச் செய்வார்கள். காய்ச்சல் கண்டு ஓரிரு நாளில் உயிர் பிரியும். ‘பாரம்’ என்னும் திரைப்படம் இதையே கதையாக்கியது. வெளிப்பார்வைக்கு இது சடங்கு, உறவினர் கூடியிருப்பார்கள். ஆனால் முடிவெடுத்தவர் படுக்கையில் கிடந்தவர் அல்லர். கூலிவேலையை விட்டுவிட்டு ஒருவர் வீட்டில் அமர்ந்து பார்த்துக்கொள்ள வழியில்லாத குடும்பம் அவருக்காக முடிவெடுத்தது. பராமரிக்க ஆளும் பொருளும் இல்லாத இடத்தில் ‘நல்ல சாவு’ என்னும் சொல் எவ்வாறு திரிந்துபோகும் என்பதற்குத் தலைக்கூத்தல் கொடிய சான்று. பின்னாளில் நீதிமன்றத்தில் எழுந்த அச்சம் அனைத்தும் இந்தச் சான்றின் நிழலில் எழுந்ததே.

நீதிமன்றத்தின் தடம்

விடுதலை பெற்ற இந்தியா ஆங்கிலேயர் இயற்றிய தண்டனைச் சட்டத்தைத் தொடர்ந்து கைக்கொண்டது. அதன் 309ஆம் பிரிவு தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கியது. 1994 ஏப்ரலில், பி. ரத்தினம் வழக்கில், உச்சநீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் அப்பிரிவு செல்லாது என்றனர். இரண்டே ஆண்டுகளில் அந்நிலை மாறியது. 1996 மார்ச் 21 அன்று கியான் கௌர் வழக்கில் ஐவர் அமர்வு அத்தீர்ப்பை நீக்கியது. வாழும் உரிமைக்குள் சாகும் உரிமை அடங்காது என்றது. ஆனால் அதே தீர்ப்பில் ஒரு சிறு கதவு திறந்திருந்தது. கண்ணியமாக வாழும் உரிமை இயல்பான முடிவு வரை நீளும்; முடிவு தொடங்கிவிட்ட ஒருவர் கண்ணியமாக இறப்பதும் அதன் பகுதியாகலாம் என்று நீதிபதிகள் எழுதியிருந்தனர். அடுத்த 22 ஆண்டுக் கால வழக்காடல் அந்தச் சிறு கதவைச் சுற்றியே நடந்தது.

கதவைத் தட்டியவர் ஹெச்.டி. ஷௌரி. ஓய்வுபெற்ற அரசு அதிகாரியான அவர் 1980இல் தில்லியில் ‘காமன் காஸ்’ என்னும் அமைப்பை நிறுவினார். அதன் தொடக்ககாலப் பெருவெற்றி ஓய்வூதியர் வழக்கு. 1979 மார்ச் 31 என்னும் ஒரு நாளை எல்லையாக வைத்து, அதற்கு முன் ஓய்வுபெற்றவர்களுக்குத் திருத்திய ஓய்வூதியம் இல்லை என்றது அரசு. அதை எதிர்த்த டி.எஸ். நகரா வழக்கில் காமன் காஸும் மனுதாரராக இருந்தது. 1982 டிசம்பர் 17 அன்று தலைமை நீதிபதி ஒய்.வி. சந்திரசூட் தலைமையிலான ஐவர் அமர்வு, ஓய்வூதியம் அரசு இடும் பிச்சையன்று, உழைத்தவரின் உரிமை என்றது. லோதி காலனி போன்ற அரசுக் குடியிருப்புகளில் பணிக்காலத்தைக் கழித்துவிட்டு வெளியேறிய பல்லாயிரம் குடும்பங்களின் முதுமைக்கு அத்தீர்ப்பு அடித்தளமாயிற்று.

முதுமையில் கண்ணியம் என்பதிலிருந்து இறப்பில் கண்ணியம் என்பதற்கு நகர்வது அவ்வமைப்புக்கு இயல்பான அடுத்த படி. தன்னிலை இழந்து செயற்கைச் சுவாசக் கருவியில் கிடக்க நேர்ந்தால் எந்தெந்தச் சிகிச்சை வேண்டா என்பதை ஒருவர் நலமாக இருக்கும்போதே எழுதி வைக்கும் ஆவணத்தை ‘வாழும் உயில்’ என்பர். அதற்குச் சட்ட ஏற்பு தருமாறு காமன் காஸ் சட்ட அமைச்சகத்துக்கும் சுகாதார அமைச்சகத்துக்கும் எழுதியது. பயன் கிட்டாததால் 2005இல் உச்சநீதிமன்றத்தில் பொதுநல மனு தொடுத்தது. அதே ஆண்டில் ஷௌரி காலமானார். வழக்கு மேலும் 13 ஆண்டுகள் நடந்தது.

அரசு அமைப்புகள் இதில் தயங்கியே நின்றன. 2006இல் நீதிபதி எம். ஜகந்நாத ராவ் தலைமையிலான சட்ட ஆணையம் தன் 196ஆம் அறிக்கையை அளித்தது. தேறும் வாய்ப்பற்ற நோயாளியின் சிகிச்சையை நிறுத்தும் மருத்துவருக்குச் சட்டப் பாதுகாப்பு வேண்டும் என்றது அறிக்கை. ஆனால் முன்கூட்டி எழுதிவைக்கும் உயில் செல்லாது என்றும் அதுவே பரிந்துரைத்தது. முடிவெடுக்கும் பொறுப்பை மருத்துவரிடம் ஒப்படைக்க முன்வந்த ஆணையம், நோயாளியின் எழுத்தை நம்ப முன்வரவில்லை.

இதற்கிடையே அருணா ஷான்பாக் வழக்கு வந்தது. மும்பை கே.இ.எம். மருத்துவமனைச் செவிலியரான அருணா 1973 நவம்பரில் அம்மருத்துவமனையிலேயே கொடிய தாக்குதலுக்கு உள்ளாகி நினைவிழந்தார். அவருக்கு உணவூட்டுவதை நிறுத்த வேண்டும் என்று எழுத்தாளர் பிங்கி விரானி மனு தொடுத்தார். 2011 மார்ச் 7 அன்று நீதிபதிகள் மார்க்கண்டேய கட்ஜு, கியான் சுதா மிஸ்ரா ஆகியோர் தீர்ப்பளித்தனர். உயர்நீதிமன்றத்தின் ஒப்புதலோடு உயிர்காப்புச் சிகிச்சையை நிறுத்தலாம் என்னும் பொதுவிதி முதன்முதலாக அத்தீர்ப்பில்தான் வந்தது. ஆனால் அருணாவின் பொருட்டுக் கோரப்பட்டது மறுக்கப்பட்டது.

மறுத்ததற்குக் காரணம் ஆழ்ந்து நோக்கத்தக்கது. அருணாவுக்கு நெருங்கியவர் யார் என்று நீதிமன்றம் கேட்டது. மனுதாரர் அல்லர், இத்தனை ஆண்டுகள் அவரைப் பேணிய மருத்துவமனை ஊழியர்களே என்பது விடை. அவர்கள் அருணா வாழ வேண்டும் என்றனர். பல பத்தாண்டுகள் படுக்கையில் கிடந்தவரின் உடலில் ஒரு படுக்கைப்புண்ணும் இல்லை என்பதைத் தீர்ப்பு வியப்போடு பதிவு செய்தது. 2015 மே 18 அன்று நிமோனியாவால் அருணா மறையும் வரை அந்தப் பணி தொடர்ந்தது. இந்தியாவில் சிகிச்சையை நிறுத்தும் சட்டத்துக்கு வழிவகுத்த வழக்கு, அடிப்படையில், தொய்வின்றிப் பராமரித்தவர்களின் வழக்கு. பொது விவாதத்தில் சட்டவிதி நினைவில் நின்றது. செவிலியரின் உழைப்பு மறக்கப்பட்டது.

மருந்தின் தடம்

இறக்கும் நோயாளியின் வலியைத் தணிப்பதே தனி மருத்துவத் துறையாக வேண்டும் என்ற எண்ணத்துக்கு உருவம் தந்தவர் சிசிலி சாண்டர்ஸ். செவிலியராகத் தொடங்கி மருத்துவரான அவர் 1967இல் லண்டனில் புனித கிறிஸ்டோபர் நல்வாழ்வு இல்லத்தைத் திறந்தார். அவருடைய முறையின் உயிர்நாடி எளியது: வலி வந்தபின் மருந்து தருவதை விடுத்து, வலி வருமுன் நேரம் தவறாமல் மார்ஃபினை வாய்வழியே தருவது. சரியான அளவில், கண்காணிப்போடு தரப்படும் மார்ஃபின் நோயாளியை அடிமையாக்குவதில்லை. அவரை உறங்கவும் உண்ணவும் பேசவும் விடுகிறது.

இந்தியாவில் இதற்கு முன்பே இறப்போருக்கான இல்லங்கள் இருந்தன. காசியில் உயிர்விட விரும்புவோர் தங்கும் முக்தி பவன் அவற்றுள் ஒன்று. 1952இல் அன்னை தெரசா கொல்கத்தாவின் காளிகாட்டில் திறந்த நிர்மல் ஹிருதய் தெருவில் கிடந்தோருக்கு ஒரு கூரையும் ஒரு கையும் தந்தது. 1994இல் லான்செட் இதழின் ஆசிரியர் ராபின் ஃபாக்ஸ் அங்கு சென்று எழுதியபோது, அன்பைப் பாராட்டிய அதே கட்டுரையில் வலுவான வலிநீக்கி மருந்துகள் அங்கு இல்லாததையும் சுட்டினார். அக்கருத்து பெரும் சர்ச்சையைக் கிளப்பியது. ஆயினும் அந்நாளில் வலுவான வலிநீக்கி இல்லாமை அந்த ஓர் இல்லத்தின் குறை மட்டுமன்று. நாடு முழுவதன் குறை.

அதற்குக் காரணம் 1985இல் நாடாளுமன்றம் இயற்றிய போதைப்பொருள் தடுப்புச் சட்டம். கடத்தலை ஒடுக்க வந்த அச்சட்டம் பெரும் குற்றங்களுக்குக் குறைந்தது 10 ஆண்டுச் சிறை விதித்தது. மார்ஃபினை வாங்கவும் வைத்திருக்கவும் ஒரு மாநிலத்திலிருந்து மற்றொரு மாநிலத்துக்குக் கொண்டுசெல்லவும் தனித்தனி உரிமங்கள் தேவைப்பட்டன. அனைத்தும் ஒரே நேரத்தில் காலாவதியாகாமல் இருந்தால்தான் மருந்து மருத்துவமனையை அடையும். மாநிலத்துக்கு மாநிலம் விதி வேறு. மருந்தாளர் அஞ்சினர்; மருத்துவமனைகள் வாங்குவதை நிறுத்தின. அடுத்த 12 ஆண்டுகளில் நாட்டில் மருத்துவத்துக்காகப் பயன்பட்ட மார்ஃபினின் அளவு பத்தில் ஒன்பது பங்குக்கும் மேல் சரிந்தது. மார்ஃபினைத் தரத் தெரியாத, தந்தும் பார்த்திராத ஒரு தலைமுறை மருத்துவர்கள் உருவாயினர்.

இதில் உள்ள முரண் கசப்பானது. மத்தியப் பிரதேசம், இராஜஸ்தான், உத்தரப் பிரதேசம் ஆகிய மாநிலங்களில் அரசு உரிமத்தோடு அபினி பயிராகிறது. காஜிப்பூரிலும் நீமச்சிலும் உள்ள அரசு ஆலைகள் அதைப் பதப்படுத்தி, உலகின் மருந்து நிறுவனங்களுக்கு ஏற்றுமதி செய்து வந்தன. பிற நாட்டுப் புற்றுநோயாளிகளின் வலியைத் தணித்த மூலப்பொருள், அது விளைந்த மாவட்டத்துப் புற்றுநோயாளிக்குக் கிட்டவில்லை. 1986இல் உலகச் சுகாதார நிறுவனம் புற்றுநோய் வலிக்கான மூன்றுபடி மருந்து முறையை வெளியிட்டு, அதன் மேற்படியில் மார்ஃபினை வைத்தது. அதே ஆண்டில் மும்பையில் டாக்டர் லூயிஸ் டி சோசா இந்தியாவின் முதல் நவீன நல்வாழ்வு இல்லமான சாந்தி அவேத்னா சதனைத் தொடங்கினார். மருந்துக்குப் பூட்டுப் போட்ட மறு ஆண்டே மருந்தின் தேவையை உலகமும் நாடும் உணர்ந்தன.

பூட்டைத் திறக்கும் முயற்சி பல ஊர்களில் நடந்தது. 1993இல் கோழிக்கோட்டில் டாக்டர் எம்.ஆர். ராஜகோபால், டாக்டர் சுரேஷ்குமார் முதலியோர் வலி மற்றும் நோய்த்தணிப்புச் சங்கத்தைத் தொடங்கினர். அக்கம்பக்கத்துத் தொண்டர்களே நோயாளியின் வீடு தேடிச் செல்லும் அதன் முறை கேரளம் முழுதும் பரவி, 2008இல் மாநில அரசின் கொள்கையாயிற்று. தில்லியில், தாமே புற்றுநோயிலிருந்து மீண்டவரான ஹர்மாலா குப்தா 1996இல் ‘கேன்சப்போர்ட்’ அமைப்பை நிறுவினார். மருத்துவர், செவிலியர், ஆலோசகர் ஆகியோர் கொண்ட குழுக்கள் நோயாளியின் வீட்டுக்குச் சென்று கட்டணமின்றிப் பார்க்கத் தொடங்கின. 1998இல், வலியில் துடித்துத் தாயை இழந்த ஒரு மருந்தியலாளர் தொடர்ந்த வழக்கில், மருத்துவமனைகளின் மார்ஃபின் உரிம விண்ணப்பங்களை விரைந்து பரிசீலிக்குமாறு தில்லி உயர்நீதிமன்றம் ஆணையிட்டது. அதே ஆண்டு மத்திய அரசு எளிய மாதிரி விதிகளை மாநிலங்களுக்கு அனுப்பியது. ஏற்றுக்கொண்ட மாநிலங்கள் சிலவே.

விளைவு வெளிப்பட்டது. 2009இல் ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் அமைப்பு இந்திய நோயாளிகளின் தாங்கொணா வலியைப் பற்றித் தனி அறிக்கையே வெளியிட்டது. 2010இல் எகனாமிஸ்ட் நிறுவனத்தின் ஆய்வுப் பிரிவு இறப்பின் தரம் குறித்து 40 நாடுகளை வரிசைப்படுத்தியபோது, இந்தியாவுக்குக் கிடைத்தது 40ஆம் இடம்.

2014: தடங்கள் நெருங்கிய பருவம்

2014 பிப்ரவரியில் நாடாளுமன்றம் போதைப்பொருள் சட்டத்தைத் திருத்தியது. மார்ஃபின் உள்ளிட்ட மருந்துகளுக்கு ‘இன்றியமையாத போதை மருந்துகள்’ என்னும் புதிய வகை பிறந்தது. நாடு முழுவதற்கும் ஒரே விதி. பல உரிமங்களுக்குப் பதிலாக ஒரே ஒப்புதல். மே மாதம் திருத்தம் நடைமுறைக்கு வந்தது. அடுத்த ஆண்டு 6 மருந்துகள் அவ்வகையில் அறிவிக்கப்பட்டன. அவசரநிலைக் காலத்தைப் போன்ற பரபரப்பு ஏதுமில்லை. தேர்தல் நெருங்கிய நாட்களில் இச்செய்தி பெரும்பாலோர் கண்ணில் படவே இல்லை.

அதே பிப்ரவரி 25ஆம் நாள், ஈரோட்டு மாவட்டத்தவரான தலைமை நீதிபதி பி. சதாசிவம் தலைமையிலான மூவர் அமர்வு காமன் காஸ் வழக்கை எடுத்தது. அருணா வழக்கின் தீர்ப்பு கியான் கௌர் தீர்ப்பைப் பிழையாகப் புரிந்துகொண்டுள்ளது, ஆகவே அரசமைப்புச் சட்ட அமர்வே இதை முடிவு செய்ய வேண்டும் என்று அவ்வமர்வு அனுப்பிவைத்தது. ஒரே மாதத்தில், ஒரே நகரில், சில கிலோமீட்டர் இடைவெளியில், நாடாளுமன்றம் மருந்தின் பூட்டைத் தளர்த்தியது. நீதிமன்றம் உரிமையின் கேள்வியை மறுபடி திறந்தது. இரண்டும் ஒரே நோயாளியைப் பற்றியவை என்று அன்று எவரும் எழுதியதாகத் தெரியவில்லை.

அடுத்த மாதம், மார்ச் 20 அன்று, எழுத்தாளர் குஷ்வந்த் சிங் 99ஆம் வயதில் மறைந்தார். லோதி தோட்டத்துக்கு அருகே, சுஜன் சிங் பூங்காவிலுள்ள தம் வீட்டிலேயே அமைதியாக உயிர் பிரிந்தது. அன்று மாலையே லோதி ரோடு மயானத்தில் தகனம் நடந்தது. சாவைப் பற்றிக் கூச்சமின்றி எழுதியவருக்கு அவர் விரும்பத்தக்க முடிவே வாய்த்தது. வீடும் வசதியும் கவனிக்க ஆட்களும் உள்ளவருக்கு அம்முடிவு சட்டத்தின் துணையின்றியே கிட்டும். அவை இல்லாதவருக்கு அது எவ்வாறு கிட்டும் என்பதே வரலாற்றின் கேள்வி.

தீர்ப்பும் அதன் திருத்தமும்

2018 மார்ச் 9 அன்று தலைமை நீதிபதி தீபக் மிஸ்ரா தலைமையிலான ஐவர் அமர்வு, கண்ணியமாக இறக்கும் உரிமை வாழும் உரிமையின் பகுதி என்று தீர்ப்பளித்தது. வாழும் உயிலும் ஏற்கப்பட்டது. ஓய்வூதியர் வழக்கில் 1982இல் தலைமை வகித்த ஒய்.வி. சந்திரசூட்டின் மகன் டி.ஒய். சந்திரசூட் இந்த அமர்வில் இருந்தார்.

உரிமை வந்தது, வழி வரவில்லை. தவறாகப் பயன்பட்டுவிடும் என்ற அச்சத்தால் நீதிமன்றம் அடுக்கடுக்கான காப்புகளை வைத்தது. உயிலில் இரு சாட்சிகளின் முன் ஒப்பமிட்டு, முதல்வகுப்பு நீதித்துறை நடுவரின் கையொப்பமும் பெற வேண்டும். பின்னர் மருத்துவமனைக் குழு. அதில் 20 ஆண்டு அனுபவமுள்ள வல்லுநர்கள். அதற்கு மேல் மாவட்ட ஆட்சியர் அமைக்கும் இரண்டாம் குழு. இறுதியில் நடுவரே நோயாளியை வந்து பார்க்க வேண்டும். தீவிர சிகிச்சைப் பிரிவில் கிடக்கும் ஒருவருக்கு இருக்கும் நாட்களில் இந்தச் சுற்று முடிவதற்கு வழியில்லை. உரிமையைக் காக்க எழுப்பிய வேலி உரிமையாளரையே உள்ளே விடவில்லை.

இதை எடுத்துச் சொன்னவர்கள் அன்றாடம் அப்பிரிவுகளில் பணிபுரிந்த மருத்துவர்கள். இந்தியத் தீவிர சிகிச்சை மருத்துவர் சங்கம் நீதிமன்றத்தை அணுகியது. 2023 ஜனவரி 24 அன்று நீதிபதி கே.எம். ஜோசப் தலைமையிலான ஐவர் அமர்வு விதிகளைத் திருத்தியது. நடுவருக்குப் பதிலாக நோட்டரி அல்லது அரசிதழ்ப் பதிவு பெற்ற அதிகாரி சான்றளித்தால் போதும். வல்லுநரின் அனுபவம் 5 ஆண்டுகளாகக் குறைந்தது. ஆட்சியரின் குழு நீங்கியது. மருத்துவமனையே அமைக்கும் இரண்டாம் குழுவில் மாவட்டத் தலைமை மருத்துவ அலுவலர் நியமிக்கும் ஒருவர் இருப்பார். குழுக்கள் இயன்றவரை 48 மணி நேரத்தில் முடிவு சொல்ல வேண்டும். நடுவருக்குத் தகவல் தெரிவித்தால் போதும். 2025 ஜனவரி இறுதியில் கர்நாடக அரசு இதை நடைமுறைப்படுத்தச் சுற்றறிக்கை வெளியிட்டது.

இரு தீர்ப்புகளுக்கும் இடையே பெருந்தொற்று வந்து போயிற்று. 2021 ஏப்ரல், மே மாதங்களில் தில்லியின் பிற மயானங்களைப் போலவே லோதி ரோடு மயானத்திலும் சிதைகள் ஓயாது எரிந்தன. அந்த நாட்களில் இறந்தோரில் பலர் உறவினர் முகம் காணாமல், கவச உடை அணிந்த அயலாரின் நடுவே உயிர்விட்டனர். மகன் கொள்ளி வைக்க வர முடியாத தகனங்கள் நடந்தன. கண்ணியமான இறப்பு என்பது கருவியை நிறுத்துவது பற்றிய சட்டச் சிக்கல் என்று மட்டும் எண்ணியிருந்தவர்களுக்கு, இறக்கும்போது அருகில் ஒருவர் இருப்பது எத்துணைப் பெரிய செல்வம் என்பதை அந்த இரண்டு மாதங்கள் உணர்த்தின. வடக்கிருந்தவனின் அருகே வந்து அமர்ந்தவர்களைப் பாடிய பழைய புலவர்கள் இதை அறிந்திருந்தார்கள்.

சொல்லும் பொருளும்

தமிழில் இந்த விவாதம் முழுவதும் ‘கருணைக்கொலை’ என்ற ஒரு சொல்லுக்குள் அடைபட்டுக் கிடக்கிறது. அச்சொல் இரு வேறு செயல்களை ஒன்றாக்கிவிடுகிறது. மருந்து செலுத்தி உயிரைப் போக்குவது ஒன்று. அது இந்தியாவில் இன்றும் குற்றமே. பயன்தராத கருவியை நீக்கி, நோய் தன் இயல்பான முடிவை அடைய விட்டு, அதுவரை வலியைத் தணிப்பது மற்றொன்று. இரண்டாவதில் கொலை இல்லை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2018இல் இத்துறைக்கான கலைச்சொற்களை வரையறுத்தபோது, செயலற்ற கருணைக்கொலை என்ற பொருள்படும் ஆங்கிலத் தொடரையே கைவிடச் சொன்னது. தமிழ் இதழியலில் அத்திருத்தம் இன்னும் நிகழவில்லை. சொல் மாறாத வரை, தந்தையின் சுவாசக் குழாயை நீக்க ஒப்புக்கொள்ளும் மகன் தன்னைக் கொலைக்கு உடன்பட்டவனாகவே எண்ணி வாழ நேரும்.

மற்றொரு சொல் மெல்ல ஊர்களுக்குள் நுழைந்திருக்கிறது: ‘நோய் ஆதரவுச் சிகிச்சை’. 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கப்பட்ட ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில், இரத்த அழுத்தத்துக்கும் நீரிழிவுக்கும் மருந்து கொண்டுசெல்வதோடு, படுக்கையில் உள்ளோரை வீட்டிலேயே பார்க்கும் பணியும் சேர்க்கப்பட்டது. தலைக்கூத்தலின் பெயரால் அறியப்பட்ட மாவட்டங்களுக்கும் இத்திட்டம் பொருந்தும். புண்ணைக் கழுவவும் குழாயை மாற்றவும் ஒரு செவிலியர் வாசலுக்கு வந்துவிட்டால், குடும்பத்தின் கணக்கே மாறுகிறது. ஒரு முதியவரைப் பார்த்துக்கொள்வது தாங்க முடியாத சுமை என்ற நிலை தளரும்போது, அவருடைய இறப்பைப் பிறர் முடிவு செய்யும் தேவையும் தளர்கிறது.

இந்த இடத்தில்தான் இரு தடங்களும் சேர வேண்டும். வாழும் உயில் எதைச் செய்யக்கூடாது என்பதை மட்டுமே சொல்லும். சுவாசக் கருவி வேண்டா, மீண்டும் மீண்டும் அறுவை வேண்டா என்று ஒருவர் எழுதிவைக்கலாம். கருவியை நீக்கிய பிறகு அவருக்கு மூச்சுத் திணறினால் யார் தணிப்பது, நள்ளிரவில் வலி மிகுந்தால் மருந்து எங்கே கிடைக்கும், அவரை எந்தக் கட்டிலில் படுக்கவைப்பது என்பவற்றுக்கு உயிலில் விடை இல்லை. மார்ஃபின் வைத்திருக்கும் மருந்தகமும், அதை அளந்து தரக் கற்ற மருத்துவரும், வீட்டுக்கு வரும் செவிலியரும் இல்லாத மாவட்டத்தில், சிகிச்சையை மறுக்கும் உரிமை வலியோடு தனித்து விடப்படும் உரிமையாகவே முடியும். எகனாமிஸ்ட் வரிசையில் 2015இல் இந்தியா 80 நாடுகளுள் 67ஆம் இடத்தில் இருந்தது. சட்டம் திருந்தினால் மட்டும் போதாது, மருந்து மாவட்டத்துக்கு மாவட்டம் சென்று சேர வேண்டும் என்பதை அந்த எண் சொல்கிறது.

2005இல் தொடுத்த மனுவுக்கு 2018இல் விடை வந்தது. அவ்விடை நடைமுறைக்கு ஏற்றதாக 2023 ஆயிற்று. 1985இல் பூட்டிய மருந்துக்கு 2014இல் திறவுகோல் கிடைத்தது. ஒவ்வொன்றுக்கும் ஒரு தலைமுறைக் காலம் பிடித்தது. லோதி ரோட்டின் இருபுறமும் உள்ள கல்லறைகள் சுல்தான்களுக்கும் அமைச்சர்களுக்கும் இறந்தபின் கிடைத்த மரியாதையின் அளவைக் காட்டுகின்றன. ஒரு குடியரசு தன் குடிமக்களுக்குத் தர வேண்டிய மரியாதை அதற்குச் சில வாரங்கள் முன்னதாகவே தேவைப்படுகிறது: நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை ஒரு மாத்திரையாகவும், அதைத் தரும் ஒரு கையாகவும்.